பக்கத்து சீட்டு

அவளுக்கு இரக்க குணம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்தான். "இரக்கமா? எனக்கா? போய் வேற வேலையப் பாரு" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவாள். அதோடும் நிற்க மாட்டாள். சொன்னவருடைய சட்டை, நடை, வளர்ப்பு எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் ஓய்வாள். சலவைக் கம்பெனியில் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் இடியக்கா. நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் இடி.

இடியக்கா ஓட்டியது ஒரு வெள்ளை வேன். ஊருக்கு வெளியே இருந்த கம்பெனியிலிருந்து ஊருக்குள் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலையில் வெளுத்த துணி போகும். மத்தியானத்துக்கு மேல் அங்கிருந்து அழுக்குத் துணி வரும். பெட்ஷீட், தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி என்று மூட்டை மூட்டையாக இருக்கும். துணி இருக்கும் இடத்துக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே தகரச் சுவர். முன்பக்கத்தில் இரண்டே சீட்டு. ஒன்றில் இடியக்கா. இன்னொன்றில் அன்றைக்கு ரோட்டில் யார் கை காட்டினார்களோ அவர்கள்.

ஓட்டுநரைத் தவிர யாரும் ஏறக் கூடாது என்று கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஏறுகிறவர்கள் எல்லோரும் அதன்மேல்தான் கை வைத்துக் கதவைத் தள்ளினார்கள். தேய்ந்து தேய்ந்து அதில் என்ன எழுதியிருந்தது என்பது மேனேஜருக்கு மட்டும்தான் நினைவிருந்தது.

அந்த ரோடு அப்படிப்பட்டது. கம்பெனியை விட்டால் கல்குவாரி, குவாரியை விட்டால் சிமெண்ட் குடோன், குடோனை விட்டால் வெறும் பொட்டல். பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. குவாரியில் கை நசுங்கியவன், ராத்திரி முழுக்க விழித்திருந்து தள்ளாடி வரும் குடோன் காவல்காரர், ஆஸ்பத்திரியில் புருஷனைப் போட்டுவிட்டு மாற்றுத்துணி எடுக்க வந்த பொம்பளை என்று யாராவது ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருப்பார். இடியக்கா வண்டியை ஓரம் கட்டுவாள். உடனே கதவு திறந்துவிடாது. முதலில் விசாரணை.

"எங்க போகணும்? குடிச்சிருக்கியா? வண்டி ஆடினா வாந்தி வருமா? பையில என்ன இருக்கு, திறந்து காட்டு. காலைத் தட்டிட்டு ஏறு."

ஏறிய பிறகு வசவு ஆரம்பிக்கும். ஏன் குடை எடுக்கவில்லை, ஏன் செருப்பு இப்படித் தேய்ந்திருக்கிறது, இந்த வயதில் ஏன் இந்த வேலைக்கு வந்தாய், வீட்டில் கேட்க ஆள் இல்லையா. நடந்தே போயிருக்கலாமோ என்று பாதி வழியிலேயே பல பேருக்குத் தோன்றும். ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாள் நிஜமாகவே இறங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். "உக்காருய்யா, பாதியில இறக்கிவிட நான் என்ன பஸ்காரியா?" என்று அவரை ஆஸ்பத்திரி வாசலில்தான் இறக்கினாள். அவர் அடுத்த வாரம் அதே இடத்தில் கை காட்டினார்.

இந்தப் பழக்கம் நல்ல மனசில் பிறந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இது கோபத்தில் பிறந்தது.

அப்போது அவள் டிரைவர் இல்லை. அதே கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். ஒருநாள் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டு கொதிநீர் காலில் கொட்டிவிட்டது. பாதம் முழுக்கக் கொப்புளம். அன்றைய மேனேஜர் பெரிய மனசு பண்ணி அரை நாள் லீவு கொடுத்தார். பஸ் போய்விட்டிருந்தது. ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு, நொண்டி நொண்டி, ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தாள். வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினாள். லாரி போனது, கார் போனது. ஒரு கார் மட்டும் வேகம் குறைத்தது. உள்ளே இருந்தவர் அவள் காலை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அதற்குப் பின்னால் வந்ததுதான் வெள்ளை வேன். அவளுடைய கம்பெனி வேன். அன்று காலையில் அவள் கையால் மடித்த பெட்ஷீட்டுகள் அதற்குள் இருந்தன. அவள் போக வேண்டிய ஆஸ்பத்திரிக்கேதான் அது போனது. ஓட்டியவர் தினமும் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர். அவர் ரோட்டில் தங்கம் கிடக்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு போனார். பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. அது அவள் கண்ணில் நன்றாகப் பட்டது.

பிறகு கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார். "ரூல்ஸ்மா. நான் என்ன பண்றது?"

அவரும் கெட்டவர் இல்லை. அதுதான் அவளை அதிகமாக எரித்தது. காலில் தோல் வளர்ந்ததும் அவள் புருஷனிடம் போய் நின்றாள். அவர் அதே கம்பெனி ஷெட்டில் மெக்கானிக். ஒரு போல்ட்டை முடுக்கினால் திரும்ப வந்து ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிற ஆள். "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுங்க" என்றாள். முதலில் சிரித்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சாயங்காலங்களில் ஷெட் முற்றத்திலேயே சொல்லிக்கொடுத்தார். சுவரில் மோதியபோதும் கத்தவில்லை. மனுஷனுக்கு அவ்வளவு பொறுமை. பழைய டிரைவர் ஓய்வு பெற்றதும், அழுக்குத் துணி வண்டி என்று யாரும் முன்வராத நேரத்தில், இடியக்கா போய்க் கேட்டாள். கிடைத்தது. முதல் நாளே ரோட்டில் நின்ற ஓர் ஆளை ஏற்றினாள். வழி முழுக்கத் திட்டினாள்.

புருஷனுக்கு இது பிடிக்கவே இல்லை. வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நூறு பேர் நல்லவனா இருக்கலாம். தப்பானவன் ஒருத்தன் போதும்."

"அந்த ஒருத்தனுக்காக மீதிப் பேர் வெயில்ல காயணுமா?"

"காயட்டும். நீ முழுசா வீட்டுக்கு வரணும்."

"தினமும் முழுசாத்தான் வர்றேன். சோத்தப் போடுங்க."

பேச்சு அங்கே முடியும். மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும்.

அப்புறம் ஒருநாள் நடக்க வேண்டியது நடந்தது. நடக்க வேண்டியது என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். நான் சொல்ல மாட்டேன். அது அந்த ஆள் செய்தது, செய்யாமலும் இருந்திருக்கலாம்.

காலை நேரம். வண்டியில் வெளுத்த துணி. கல்குவாரித் திருப்பத்தில் கையில் ஒரு பையோடு அவன் நின்றான். வெள்ளைச் சட்டை. கைமடிப்பு கத்தி மாதிரி விழுந்திருந்தது. காலரில் ஒரு சுருக்கம் இல்லை. இஸ்திரிப் பிரிவில் வருஷக்கணக்காக நின்றவளுக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை உண்டு. சட்டையில் மடிப்பு சரியாக விழ வேண்டுமென்றால் பொறுமை வேண்டும், அவசரக்காரனுக்கு அது வராது, பொறுமை இருக்கிறவன் தப்பு செய்ய மாட்டான். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சட்டையைப் பார்த்ததும் அவள் வழக்கமான விசாரணையை விட்டுவிட்டாள். குடித்திருக்கிறாயா என்று கேட்கவில்லை. பையைத் திறக்கச் சொல்லவில்லை. யாரையும் அப்படி ஏற்றியதே இல்லை. அந்த ஒருவனைத்தான் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு வார்த்தை திட்டாமல் ஏற்றினாள்.

பொட்டல் வந்ததும், மயக்கம் வருகிறது, கொஞ்சம் நிறுத்துங்க அக்கா என்றான். நிறுத்தினாள். அவள் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவளுடைய பையைப் பிடித்து இழுத்தான். அவள் விடுகிற ஆளா? பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள். அவன் கீழே குதித்துக் கதவை அவள் கைமேல் அறைந்து சாத்தினான். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. பையோடு அவன் பொட்டலில் ஓடி மறைந்தான்.

ஒற்றைக் கையால் வண்டியை ஆஸ்பத்திரிவரை ஓட்டினாள். முதலில் துணி மூட்டைகளை இறக்கச் சொன்னாள். அப்புறம்தான் கையைக் காட்டினாள்.

கையில் மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் வராத ஆள் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் கொண்டுவந்தார்கள். நாங்க அப்பவே சொன்னோமே. சொல்லாதவர்கள்கூட அப்பவே சொன்னதாகச் சொன்னார்கள். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போனில் அழுதுகொண்டே சொன்னாள். நாத்தனார் ஒருத்தி பழம் வாங்கி வந்து, பழத்தோடு சேர்த்துச் சொன்னாள். இடியக்கா வெடித்துவிட்டாள்.

"இத்தன வருஷமா எத்தன பேர் ஏறினாங்க, எத்தன பேர் பத்திரமா இறங்கினாங்க. அன்னிக்கெல்லாம் ஒருநாளாவது வந்து, அடடே இன்னிக்கும் ஒண்ணும் ஆகலையே, நாங்க அப்பவே சொன்னோமேன்னு பழம் குடுத்தீங்களா? இன்னிக்கு மட்டும் எங்கருந்து வந்தீங்க?"

நாத்தனார் பழத்தை வைத்துவிட்டுப் போனவள்தான். கொஞ்ச நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

புருஷன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சமைத்தார், அவளுக்குத் தலை பின்னிவிட்டார், கோணல் வகிடு எடுத்தார், வசவு வாங்கினார். அப்பவே சொன்னேனே என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் சும்மா இருக்கவில்லை என்று.

கட்டுப் பிரித்து வேலைக்குப் போன அன்று காலை வண்டிக் கதவைத் திறந்தாள். பக்கத்து சீட்டைக் காணோம். சீட்டு இருந்த இடத்தில் வெறும் தகரத் தரை.

நேராக மேனேஜரிடம் போனாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. இன்சூரன்ஸ் என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு வாழ்க்கை நடத்துகிறவர், அவ்வளவுதான்.

"மேலிடத்து உத்தரவும்மா. இன்சூரன்ஸ் பிரச்சனை. சீட்டு இருந்தாத்தானே ஆள் ஏறுவாங்க?"

"எந்த மேலிடம்?"

"மேலிடம்னா மேலிடம்தான்."

அவர் மென்று விழுங்கியது சரியாகப் படவில்லை. திரும்பி வந்து வண்டிக்குள் குனிந்து பார்த்தாள். சீட்டைப் பிடித்திருந்த போல்ட் ஓட்டைகள் தரையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் மூடி. மூடியின் ஓரத்தைச் சுற்றித் தண்ணீர் ஏறாமலிருக்கப் பசை தடவி, பசை காய்ந்ததும் பிசிறைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது.

அந்த ஷெட்டில் நாலைந்து மெக்கானிக்குகள் உண்டு. மேலிடம் சொன்னது என்று கழற்றியிருந்தால் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் தெறித்து அவள் கால் நனையுமே என்று யோசிக்கிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். மேனேஜரே நேரில் வந்து நின்று சொல்லியிருந்தாலும் அவர் அவளிடம் சொல்லாமல் ஸ்பேனரைத் தொட்டிருக்க மாட்டார். சொல்லவில்லை என்றால் யோசனையே அவருடையது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்கதான் மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னீங்களா?"

அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா ஒத்துக்குவியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயார் செய்து வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் எதுவும் வரவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரில இருந்து போன் பண்ணி, உங்க வீட்டம்மாவ அடிச்சிட்டாங்க, உடனே வாங்கன்னுதான் சொன்னாங்க. உயிரோட இருக்கியான்னு சொல்லல. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. வந்து பாத்தா, நீ பாட்டுக்குக் கட்டுப் போட்ட கையோட நின்னு அழுக்கு மூட்டை எண்ணிக்கிட்டு இருந்த. எனக்கு அன்னிக்குப் போன உயிர் இன்னும் முழுசா வரல. போதுமா?"

அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றித்தான் இடியக்கா யாரிடமும் பேச மாட்டாள். ரோட்டில் யாராவது கை காட்டினால் வண்டியை நிறுத்துவாள். கதவைத் திறந்து வெறும் தரையைக் காட்டுவாள். "பாரு. சீட்டு இல்ல. கம்பெனில புடுங்கிட்டாங்க. அடுத்த வண்டிக்குக் கை காட்டு." இப்படி நின்று நின்று பதில் சொல்லிவிட்டுப் போனதில் துணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏத்த இடமே இல்லையே, அப்புறம் எதுக்கும்மா நிறுத்துற?"

"கை காட்டறாங்கல்ல சார். பதில் சொல்ல வேண்டாமா?"

"பதில் சொல்லாமப் போனா என்ன?"

"போறவன் மூஞ்சிய நான் பாத்திருக்கேன் சார்."

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த இஸ்திரிப் பிரிவு பெண்களுக்கு நன்றாகப் புரிந்தது. அன்று முழுக்க அங்கே இதுதான் பேச்சு. இடியக்கா மேனேஜரின் வாயை அடைத்துவிட்டாள் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

அவளுக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. ஏனென்றால், சீட்டு இல்லை பாரு என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவள் மனசுக்குள் யாரோ அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். கதவைச் சாத்தி வண்டியை எடுக்கும்போது தோள் லேசாகிவிடும். முதலில் அதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கை வலி, தூக்கமில்லை, வயசாகிறது என்று என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள். சீட்டைப் பிடுங்கியவர்கள் மேல் கோபம் கோபமாக வந்ததே, அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒரு நிம்மதியும் ஒளிந்துகொண்டிருந்தது.

அப்படியே ஒருநாள் கல்குவாரித் திருப்பம் வந்தது. அங்கே ஒருவன் நின்றான். அவனல்ல, வேறு யாரோ. வயதும் வேறு, உயரமும் வேறு. ஆனால் வெள்ளைச் சட்டை. கைமடிப்பு கத்தி மாதிரி. கை காட்டினான்.

நிறுத்தி, கதவைத் திறந்து, சீட்டு இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தியது. கண் தானாக ரோட்டுக்கு நேராகப் போய் நின்றது. அவனைத் தாண்டிப் போன பிறகு கண்ணாடியில் பார்த்தாள். அவன் நீட்டிய கையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரம் கட்டினாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு தன்னைத்தானே திட்டினாள். ரோட்டில் ஏற்றிய அத்தனை பேருக்கும் கொடுத்த வசவையெல்லாம் சேர்த்து வைத்தாலும் அன்று தனக்குக் கொடுத்ததில் பாதி வராது. திரும்பிப் போய் அவனிடம் சொல்லலாம் என்று தோன்றியது. அந்த நேரத்துக்குள் ஒரு லாரி அவனை ஏற்றிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனது. லாரிக்காரன் போகிற போக்கில் ஹாரன் அடித்தான்.

அன்று சாயங்காலம் ஷெட்டுக்குப் போனாள். புருஷன் ஒரு வண்டிக்குக் கீழே படுத்திருந்தார். அவள் நிழல் விழுந்ததும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"நானும் போயிட்டேங்க" என்றாள்.

"எங்க?"

"ஒருத்தன் கை காட்டினான். நேராப் பாத்துட்டுப் போயிட்டேன். அன்னிக்கு என்னைத் தாண்டிப் போனாரே, அவரு மாதிரியே. என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

"சீட்டு எங்க?"

அவர் வேலை மேஜைக்கு அடியில் கை காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டு, போல்ட்டுகளை ஒரு டப்பாவில் எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பத்திரமாக வைத்திருந்தார்.

"மாட்டுங்க."

"மாட்டினா உன் வேலை போயிடும்."

"போகட்டும்."

"மறுபடியும் எவனாவது வந்தா?"

"வரலாம். வர மாட்டான்னு நான் சொல்லல. வந்தா என்ன பண்றதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து யோசிப்போம். ஆனா வந்துடுவானோன்னு இந்த ரோட்டுல நிக்கற அத்தன பேரையும் நான் திருடனாப் பாக்க முடியாது. பாக்க ஆரம்பிச்சுட்டேங்க. அதான் எனக்குத் தாங்கல. அவன் கைய உடைச்சது சேந்துடுச்சு. இது சேரல."

அவர் டப்பாவைத் திறந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். "எனக்கு இதுல சம்மதம் இல்ல" என்றார் கடைசியில். "இன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல. ஆனா உங்கிட்ட கேக்காம கழட்டினது நான். அது தப்பு. அதுக்காக மாட்டறேன்."

யாருக்கும் தெரியாமல் மாட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மறுநாள் காலை எல்லோரும் வேலைக்கு வரும் நேரத்தில், முற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, தான் ஆசையாக அடைத்த ரப்பர் மூடிகளைத் தானே நெம்பி எடுத்தார். மேனேஜர் ஓடி வந்தார்.

"யாரக் கேட்டு மாட்டற?"

"யாரக் கேட்டுக் கழட்டினேனோ அவங்களக் கேக்காமத்தான் மாட்டறேன்" என்றார் புருஷன். இத்தனை வருஷத்தில் அவர் மேனேஜரிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

மேனேஜர் இடியக்கா பக்கம் திரும்பினார். இறங்கித்தான் வந்தார் பாவம். "சரிம்மா, சீட்டு இருக்கட்டும். நம்ம கம்பெனி ஆளுங்கள மட்டும் ஏத்திக்கறேன்னு எழுதிக் குடு. நான் மேல பேசிக்கறேன்."

"கம்பெனி ஆளுங்கன்னா?"

"நம்ம ஆளுங்கம்மா. தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவர்தான் சார் என்ன விட்டுட்டுப் போனாரு. எழுதித் தர மாட்டேன்."

"அப்போ இந்த மாசத்தோட கணக்கு முடிச்சுக்க வேண்டியதுதான்."

"முடிச்சுக்கங்க. மாசக் கடைசி வரைக்கும் வண்டி எங்கிட்டதானே இருக்கும்?"

அழுக்குத் துணி வண்டிக்கு வேறு டிரைவர் ஒரே நாளில் கிடைக்க மாட்டான் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். மேனேஜர் கையை உதறிவிட்டு உள்ளே போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். மாசக் கடைசியில் வேலை போனது. இப்போது இடியக்கா ஒரு தண்ணீர் கேன் வியாபாரியின் வண்டியை ஓட்டுகிறாள். வேலைக்குச் சேரும்போது அவள் கேட்ட முதல் கேள்வி முன்னால் எத்தனை சீட்டு என்பதுதான். ஒருவேளை அவள் செய்தது அசட்டுத்தனம் என்று உங்களுக்குத் தோன்றலாம். இஸ்திரிப் பிரிவிலேயே பாதிப் பேருக்கு அப்படித்தான் தோன்றியது. தோன்றினால் அவளிடம் நேரில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

சீட்டு மாட்டிய அன்றே அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். பை இனிமேல் சீட்டுக்கு அடியில் பூட்டிய பெட்டிக்குள். விசாரணை எல்லோருக்கும் ஒன்றுபோல, சட்டையைப் பார்த்துச் சலுகை கிடையாது. அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தில் புருஷன் ஒரு விசை வைத்துக்கொடுத்தார். அழுத்தினால் விடாமல் ஹாரன் அலறும். வைத்துவிட்டுத் திரும்ப வந்து ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

ஆனால் ரோட்டில் போய் நிறுத்த வேண்டியது அவள்தானே. அதற்கு யாரும் விசை வைத்துக்கொடுக்க முடியாது.

முதல் இரண்டு நாள் ஏறியவர்கள் எல்லோரும் பழகிய முகங்கள். குடோன் காவல்காரர் சீட்டைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்த உடனே தூங்கிப்போனார். அவருக்கு நிறுத்துவதில் என்ன வீரம் இருக்கிறது? அது அவளுக்கும் தெரிந்தது.

மூன்றாம் நாள் கல்குவாரித் திருப்பத்தில் ஒருவன் நின்றான். தோளில் பை. நீல முழுக்கைச் சட்டை, இஸ்திரிப் பிரிவில்கூட அப்படி ஒரு மடிப்பு விழாது. தூரத்திலேயே பார்த்துவிட்டாள். சேர்ந்துவிட்டது என்று அவள் சொன்ன கை, கியரின்மேல் வெடவெடவென்று நடுங்கியது. போய்விடு, போய்விடு என்று உடம்பு முழுக்க ஒரே கூச்சல். அவள் பிரேக்கை அழுத்தினாள். வண்டி அவனைத் தாண்டிப் போய் நின்றது. அவன் ஓடி வந்தான்.

கதவுக் கண்ணாடியை இறக்கினாள். குரல் கீச்சென்று வந்தது. "எங்க போகணும்? குடிச்சிருக்கியா? வாந்தி வருமா? பையத் திறந்து காட்டு."

ஆஸ்பத்திரிக்கு என்றான். பையைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு பிளாஸ்க், ஒரு போர்வை, ஒரு பெண்ணின் செருப்பு. கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவன் அப்படியே நின்றான். அவள் கையைப் பார்த்துவிட்டான். பிறகு முகத்தையும் பார்த்தான். உள்ளே வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"அக்கா, உங்களுக்கு என்னப் பாத்துப் பயமா இருக்குபோல. பரவால்லக்கா. நான் அடுத்த வண்டியில வர்றேன்."

"அடுத்த வண்டி நிக்காது."

"இல்லக்கா, உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்..."

"ஏய்!" என்று ஒரு அதட்டல் போட்டாள் இடியக்கா. அதில் பழைய இடி முழுசாக இருந்தது. கை மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

"பயமாத்தான் இருக்கு. அது என் பாடு. நீ உள்ள வந்து கதவ நல்லா இழுத்துச் சாத்து."